தலைமாடு

கம்பிதான். வேறு ஒன்றும் இல்லை. மூன்றையும் கொண்டுபோனது அந்தக் கம்பிதான்.

ஜெனிலா இதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. குழாயடியில் குடம் நிறையும்வரை நிற்கும்போதும், பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்ட நாட்களிலும் மனதுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் வாக்கியம் அது. ராஜபாளையத்தில் அவள் வாழ்ந்த வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு மேலே, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிப் போகிற உயர் அழுத்தக் கம்பி. தூறல் பிசுபிசுக்கும் நாட்களில் அது மெல்ல இரையும். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே மூன்று முறை கர்ப்பம் தரித்தாள். மூன்றும் நான்காம் மாதத்தைப் பார்க்கவில்லை. எந்த மருத்துவரும் காரணம் என்று ஒன்றை எடுத்துக் காட்டவில்லை. சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். காரணம் இல்லாத இடத்தில் வீட்டார் அவளை வைத்தார்கள். அவள் கம்பியை வைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டைவிட்டு வந்து எட்டு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறாள். ஒரு ஆராய்ச்சித் திட்டத்தில் வீடுவீடாகப் போய் அளக்கிற வேலை. கர்ப்பிணிப் பெண்களின் உடம்பில் அன்றாடம் எவ்வளவு காந்தப்புலம் படுகிறது, அதற்கும் கரு கலைவதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்பதுதான் ஆராய்ச்சி. மின்சாரம் ஓடுகிற எதைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. சுவர் அதைத் தடுக்காது. ஆனால் வீட்டுச் சாமான்களிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் போனால் சட்டென்று குறைந்துவிடும். அதைப் பதிவு செய்ய, உள்ளங்கை அளவு மீட்டர் ஒன்றைப் பெண்கள் ஒரு பகலும் ஓர் இரவும் இடுப்பில் கட்டியிருக்க வேண்டும்.

முன்காலத்தில் இப்படி யாரும் மெனக்கெடவில்லை. கம்பிக்கும் வீட்டுக்கும் எத்தனை மீட்டர் தூரம் என்று வரைபடத்தில் பார்த்தே, இவள் பட்டவள், இவள் படாதவள் என்று பிரித்துவிட்டார்கள். திட்டத்தின் தலைவர் வேதசிரோமணி சாருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தூரம் என்பது ஜோசியம், மீட்டர்தான் சாட்சி, அதுவும் கட்டியிருந்த அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான் சாட்சி என்பார். பயிற்சியின்போது அவர் இதைச் சொன்னபோது மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஜெனிலா பேனாவை மூடி வைத்துவிட்டாள். தன் வாக்கியம் வெறும் ஜோசியம் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அது போகவில்லை. தனியாக இருப்பவர்கள் சில பொருட்களை உபயோகமில்லை என்று தெரிந்தும் வெளியே எறிவதில்லை.

வேலையில் சிரிப்புக்குக் குறைவில்லை. கூமாப்பட்டியில் ஒரு பெண் கட்டிய மீட்டரைக் கழற்றிப் புருஷன் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு டீக்கடை வரை போய் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்திருந்தான். பம்புசெட்டுக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்ததுகூட வரைகோட்டில் மலைபோல ஏறி நின்றது. மீட்டரைத் திரும்ப வாங்கும்போது எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்த நாள் எப்போதும் போன்ற நாள்தானா? எல்லோரும் எப்பவும் போலத்தான் என்பார்கள். ஆசுபத்திரிக்கு ஓடிய நாளாக இருந்தாலும், அடித்துக்கொண்ட நாளாக இருந்தாலும், அதுதான் பதில். வெளியாளிடம் வேறு என்ன சொல்வது?

புது மீட்டர்கள் வந்த சமயம், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒன்றை அவளே ஒரு நாள் கட்டிக்கொண்டாள். மறுநாள் வேதசிரோமணி சார் கணினியில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யாரும்மா இது, காட்டுக்குள்ள குடியிருக்காங்களா?" என்றார். காலையில் மிக்சி ஓடிய ஒரு சின்ன மேடு. பேருந்தில் இன்னொன்று. மற்றபடி கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. டிவி கிடையாது. கிரைண்டர் கிடையாது. ஒரு ஆளுக்குக் குளிர்சாதனப் பெட்டி எதற்கு என்று அதையும் வாங்கவில்லை. சோதனைக்குப் போட்டது சார் என்று மட்டும் சொன்னாள். மேசையில் வைத்திருந்த மீட்டர் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஏசம்மாளிடமிருந்து ஃபோன் வந்தது ஒரு வியாழக்கிழமை. ஏசம்மாள் அவளுடைய பழைய மாமியார்.

"ஜெனிலாவா? நான் ஏசம்மாள் பேசுதேன்."

அத்தை பேசுதேன் என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள். ஏட்டி, உலையில அரிசிய போடு. ஏட்டி, கோயிலுக்கு நேரமாச்சு. இப்போது நீங்க, வாங்க என்று பேசினாள். ஜெனிலாவுக்கும் பதிலுக்கு எந்த உறவைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சொல்லுங்க என்று மட்டும் சொன்னாள்.

ஏசம்மாள் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். மகன் பெனின் மறுபடி கல்யாணம் செய்தது ஜெனிலாவுக்குத் தெரியும். பெண் சாத்தூர்ப் பக்கம், பெயர் ஜூடி. அவளுக்கும் இப்போது இரண்டு தங்கவில்லை. இரண்டாவது போய் ஒரு மாதம் ஆகிறது. பேச்சு இல்லை, சரியாகச் சாப்பாடு இல்லை, தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று துணிமணிகளை எடுத்து வைத்திருக்கிறாள். போனால் திரும்ப வருவாள் என்று தோன்றவில்லை. நீங்கள் கரண்ட் பார்க்கிற மெஷினோடு வீடுவீடாகப் போவதாகச் சபையில் இரண்டு பேருக்கும் தெரிந்த கிருபாபாய் சொன்னாள் என்றாள்.

"வந்து ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு, கரண்ட்டாலதான் இப்படி ஆச்சுன்னு அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. டாக்டர் சொன்னா நம்ப மாட்டேங்கா. நீங்க சொன்னா நம்புவா."

"பாக்காமலே அப்படிச் சொல்லச் சொல்றீங்களா?"

"பாத்துட்டே சொல்லுங்க" என்றாள் ஏசம்மாள்.

ஃபோனை வைத்த பிறகு ஜெனிலா நெடுநேரம் அடுப்பை மூட்டவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை எனக்காகக் கேட்டு நீங்கள் யார் வாசலிலும் நிற்கவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் வந்த வேகத்தில் போய்விட்டது. மிச்சம் நின்றது ஒரே ஆசை. அந்த அறைக்குள் மீட்டரோடு போக வேண்டும். தன் தலையணை இருந்த இடத்தில் அதை வைக்க வேண்டும். தான் இதுநாள்வரை சொல்லிக்கொண்டிருந்தது ஜோசியமா சாட்சியமா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஜூடிக்காகப் போவதாக அவள் தன்னிடம் பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கையில் பிடித்துப் பார்க்கிற மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். ராஜபாளையத்தில் இறங்கி, சத்திரப்பட்டிப் பக்கம் போகிற மினிபஸ்ஸில் மாறினாள். நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போது முதலில் தெரிந்தது கம்பிதான். மேற்கே மலை, அதற்கு இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அதன் மேலே அது. மழை இல்லாததால் சத்தம் இல்லை. சத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது. வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, முன்பு வேலிக்கருவை மண்டிக் கிடந்த இடத்தில், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை நின்றது. உள்ளே பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

வாங்க என்றாள் ஏசம்மாள். வாசலில் நிற்கவைக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டாள், காப்பி கொடுத்தாள். நன்றாக மெலிந்துவிட்டிருந்தாள். பெனின் உள்ளேயிருந்து வந்து, வந்தியா என்று கேட்டுவிட்டு நின்றான். நூற்பாலையில் சூப்பர்வைசர் வேலை, காதோரம் நரைத்திருந்தது. அவனை என்னங்க என்று கூப்பிட்ட வாய்க்கு இப்போது வேறு சொல் கிடைக்கவில்லை. தலையசைத்தாள். தறிச் சத்தம் இருந்தது நல்லதாகப் போயிற்று. யாரும் பேசாமல் இருப்பது அவ்வளவாகத் தெரியவில்லை.

ஜூடி அறையில் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டு மூடியிருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். ஜெனிலாவைக் கண்டதும் எழுந்து, வாங்கக்கா என்றாள். தெருவில் யாரையும் கூப்பிடுகிற அக்காதான். ஆனால் மூத்தாளுக்கும் இளையாள் சொல்கிற சொல் அதுதான் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது போலிருந்தது. ஜூடி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அறை மாறவில்லை. கிழக்கே கதவு, மேற்கே தோப்பைப் பார்த்த ஜன்னல். கட்டில்தான் மாறியிருந்தது. ஜெனிலாவின் காலத்தில் அதன் தலைமாடு வடக்குச் சுவரில் இருந்தது. இரண்டாவது குழந்தை போன பிறகு ஏசம்மாள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். வடக்க தலை வச்சுப் படுத்தா காந்தம் இழுக்கும், எப்படித் தங்கும் என்றாள். சபைக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம்தான். நல்ல நேரமும் சகுனமும் பார்க்கிறவர்களைக் கேலி செய்கிற குடும்பம்தான். ஆனால் வடக்கு மட்டும் எல்லோருக்கும் வடக்குதான். பூமியோட காந்தம் எந்தப் பக்கம் படுத்தாலும் ஒண்ணுதான் அத்தை, அது மாறுறதே இல்ல என்று பி.எஸ்.சி. இயற்பியல் படித்திருந்த ஜெனிலா சிரித்தாள். கட்டிலைத் திருப்ப மாட்டேன் என்றும் சொன்னாள். மூன்றாவதும் போனபோது அந்தச் சிரிப்பு அவள் கணக்கில் எழுதப்பட்டது. அவள் போனதும் முதல் வேலையாகக் கட்டிலைத் தெற்கே திருப்பிப் போட்டார்கள் என்று கிருபாபாய் சொல்லியிருந்தாள். தெற்கே தலை வைத்தால் ஆயுசு என்பார்கள்.

மீட்டரை வெளியே எடுத்தாள். திரையில் காந்தப்புலத்தின் அளவு, மைக்ரோடெஸ்லா கணக்கில், எண்களாக ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிற இடத்தில் முதலில் கட்டிலைத்தான் பார்க்க வேண்டும் என்பது முறை. அவள் வடக்குச் சுவருக்குப் போனாள். இப்போது அங்கே ஒரு பீரோ நின்றது. அதற்குப் பக்கத்தில் குனிந்து, தன் தலையணை இருந்திருக்கக்கூடிய உயரத்தில் மீட்டரைப் பிடித்தாள்.

புள்ளி பூஜ்யம் ஐந்து.

கையை அசைக்காமல் காத்திருந்தாள். புள்ளி பூஜ்யம் ஆறு. மறுபடி ஐந்து. மடவார் வளாகத்து மாடி அறையில் வருகிற எண்ணும் ஏறக்குறைய இதுதான். ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு நேரே நீட்டிப் பிடித்தாள். புள்ளி ஒன்றைக்கூடத் தொடவில்லை. தெருவில் யார் வீட்டிலும் இருக்கக்கூடியதுதான்.

இன்றைய எண் அன்றைக்குச் சாட்சி இல்லை என்று அவளுக்குத் தெரியும். கம்பியில் போகிற மின்சாரம் நாளுக்கு நாள், வருடத்துக்கு வருடம் மாறும். எட்டு வருடத்துக்கு முன்னால் அதில் எவ்வளவு ஓடியது என்பதைச் சொல்ல எந்த மீட்டராலும் முடியாது. நினைத்தால் அந்த இடுக்கில் தன் வாக்கியத்தை இன்னும் கொஞ்ச காலம் ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் வேறொரு பெண் அப்படி ஒளித்து வைத்தால், தான் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். மனதுக்குள் வந்து உட்கார்கிற அந்த வாக்கியம் இப்போது வரவில்லை. அதன் இடம் காலியாக இருந்தது. துக்கம் என்று அதைச் சொல்ல முடியவில்லை. கூடவே இருந்த ஒருவர் சொல்லாமல் எழுந்து போனது போல இருந்தது.

"இங்கயும் பாருங்கக்கா" என்றாள் ஜூடி. தன் தலையணைமேல் கையை வைத்திருந்தாள்.

மீட்டர் கட்டிலை நெருங்க நெருங்க எண் ஏறியது. தலையணைமேல் வைத்தபோது இரண்டைத் தாண்டி இரண்டரைக்குப் போனது. ஜெனிலா மீட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே எண். இடுப்பு வருகிற இடத்தில் வைத்தாள். அரைக்கும் கீழே இறங்கியது. கால்மாட்டில் ஒன்றுமே இல்லை. தெற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். தறிகளின் அதிர்வு அதில் இருந்தது.

"இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

பெனின்தான் பதில் சொன்னான். தறிகளுக்கெல்லாம் கரண்ட் பிரிகிற பேனல் போர்டு அங்கேதான் மாட்டியிருக்கிறது. நேர் பின்னால். ராப்பகலாக ஓடும்.

"எப்ப போட்டாங்க?"

"நான் கல்யாணமாகி வந்த வருசம்" என்றாள் ஜூடி. "மொதல்ல இந்தச் சத்தத்துல தூக்கமே வராது. பொறவு பழகிட்டு."

கூடவா குறையவா என்று ஏசம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இந்த அறையில் மற்ற இடத்தைவிட இங்கே ரொம்பக் கூட என்றாள் ஜெனிலா. கட்டிலைத் தள்ளிப் போட்டால் போதும், இரண்டு முழம் தள்ளினாலே குறைந்துவிடும், வடக்குச் சுவர்ப் பக்கம்தான் எல்லாவற்றையும்விடக் கம்மி என்றாள்.

"வடக்கயா?" ஏசம்மாளின் குரல் பழைய குரலாகிவிட்டது. "நல்லா இருக்கே. வடக்க தலை வச்சுப் படுத்துத்தான் அம்புட்டும்..."

அங்கே நிறுத்திக்கொண்டாள். யாரிடம் சொல்கிறோம் என்பது பாதியில்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போனது. அவளே ஆளை வைத்துத் திருப்பிப் போட்ட கட்டில் அது. அதை எடுத்துச் சொல்ல ஜெனிலாவுக்கு ஒரு மூச்சு போதும். சொல்லவில்லை. பெருந்தன்மை என்று அதற்குப் பெயர் கொடுக்கவும் அவளுக்கு மனமில்லை. பழி சுமந்து நிற்கட்டும் என்று தான் இத்தனை வருடம் விரும்பிய இடத்தில் இப்போது இந்தக் கிழவி வந்து நிற்கிறாள். அதைப் பார்த்தும் உள்ளே எதுவும் அசையவில்லை. அந்த அசைவின்மைதான் அவளைப் பயமுறுத்தியது.

மேற்கே தலை வச்சுக்கிடலாமா என்று பெனின் கேட்டான். ஏசம்மாள் யோசித்து, மேக்க மத்திமம், பரவால்ல என்றாள். அவனும் ஜெனிலாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை இழுத்தார்கள். அவன் எந்தப் பக்கம் தூக்குவான், எப்போது மூச்சு விடுவான் என்பதெல்லாம் அவள் கைக்கு இன்னும் தெரிந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே கட்டில் நின்றது. மீட்டரை மறுபடி தலையணைமேல் வைத்தாள். புள்ளி பூஜ்யம் எட்டு. ஜூடி குனிந்து அந்த எண்ணைப் பார்த்தாள். அவளே மீட்டரை வாங்கி, தெற்குச் சுவருக்குக் கொண்டுபோய் எண் ஏறுவதைப் பார்த்தாள். திரும்பக் கொண்டுவந்து இறங்குவதைப் பார்த்தாள். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தாள்.

பிறகு கேட்டாள். "அப்ப இதாலதானாக்கா?"

பெனின் ஜெனிலாவைப் பார்த்தான். ஏசம்மாள் தரையைப் பார்த்தாள். கேட்டுக்கொண்ட வார்த்தையைச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. எந்த எண்ணைச் சொல்வது? தலைக்குப் பக்கத்தில் இரண்டரை. கரு இருக்கிற இடத்தில் அரைக்கும் கீழே. உலகத்தில் எத்தனையோ பேர் இதைத்தான் ஆராய்கிறார்கள். ஆயிரம் பெண்களைச் சேர்த்துப் பார்த்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற அளவில்தான் நிற்கிறது. ஒருத்தியைத் தனியாக நிறுத்தி, உனக்கு இதனால்தான் என்று சொல்ல அதில் வழியே இல்லை.

"அது எனக்குத் தெரியாது ஜூடி. யாராலயும் சொல்ல முடியாது. உன் உடம்பாலதான்னும் யாராலயும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னா நம்பாத."

ஜூடி தெற்குச் சுவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஜெனிலா சொன்னதில் அவளுக்கு வேண்டியது மட்டும் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மாதமாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் முதல்முறையாக வேறொன்றின்மேல் நின்றன. உதடுகள் கோணின. அழுதாள். ஏசம்மாள் போய் அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். "அழுதுரு, அழுதுரு" என்று முதுகைத் தடவினாள்.

ஜெனிலா மீட்டரை அணைத்துப் பையில் வைத்தாள். அதற்கு வழக்கமாக ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் ஆயிற்று. திருத்திச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று நினைத்தாள். திருத்திச் சொல்ல அவளிடம் வார்த்தை இருந்தது, மனசு இல்லை. பழியைச் சாத்த ஜூடிக்கு ஒரு சுவர் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம் என்பது புரிந்தபோது வெட்கமாக இருந்தது.

சாப்பிட்டுப் போகச் சொன்னாள் ஏசம்மாள். கருக்கலுக்குள் போக வேண்டும் என்று ஜெனிலா கிளம்பிவிட்டாள். பெனின் பைக்கை எடுத்து வந்தவன் அதில் ஏறாமல் தள்ளிக்கொண்டே கூட நடந்தான். பின்னால் உட்காரு என்று சொல்ல முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நிறுத்தம்வரை இருவருக்கும் நடுவில் பைக் வந்தது. தறிச் சத்தம் குறைந்துகொண்டே போய், கடைசியில் தோப்பில் காற்று அசைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜூடி ஊருக்குப் போக மாட்டாள் என்று நினைக்கிறேன் என்றான். நல்லது என்றாள். கொட்டகைக்காரனிடம் பேனலை வேறு சுவருக்கு மாற்றச் சொல்லப் போவதாகச் சொன்னான். அதற்கும் நல்லது என்றாள்.

நிறுத்தத்தில் யாரும் இல்லை. அவன் பைக்கை ஸ்டாண்டில் போட்டான். கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன்போல நின்றான்.

"ஜெனி, உனக்கும் இதுதான் நடந்திருக்கும்."

அவள் சாலையைப் பார்த்தாள்.

"கரண்ட்டுதான். எனக்கு இப்பத்தான் புரியுது. அம்மாட்டயும் சொல்லிர்றேன், சபையிலயும் நாலு பேருக்குத் தெரியட்டும். உன் மேல ஒண்ணும் இல்ல. என் மேலயும் இல்ல, யார் மேலயும் இல்ல. அப்படியே வச்சுக்கிடுவோம். என்ன?"

இந்தச் சொற்களுக்காக எத்தனை இரவுகள் தான் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தெரியும். அவன் அன்றைக்கு இதில் பாதியைச் சொல்லியிருந்தால்கூட அந்த வீட்டில் இருந்திருப்பாள். இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிற முகம் இல்லை அது. தவித்தது. அவளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சரி என்று சொல்லிவிட்டால் அவன் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவான். ஜூடியின் இரண்டோடு அவளுடைய மூன்றையும் சேர்த்து அந்தச் சுவரில் சாத்திவிடுவார்கள். யாரும் மறுபடி அவற்றை நினைக்க வேண்டியிருக்காது. பெயர்கூட வைக்கப்படாத அந்த மூன்றையும் நினைக்க உலகத்தில் வேறு ஆளும் கிடையாது.

"அப்ப அங்க தறி கிடையாது" என்றாள்.

"அது தெரியும். இருந்தாலும்..."

"நான் தலை வச்ச பக்கத்தையும் இன்னைக்குப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. அன்னைக்கு என்ன இருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது."

"அப்ப நான் என்னன்னுதான் நெனைக்கது?" அவன் குரல் இறங்கிவிட்டது. "நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு ஜெனி. அது போதும்."

மினிபஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரத்துக்கு நகர்ந்தாள். அவன் அதே இடத்தில் நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்ல மாட்டேன்" என்றாள். கோபமில்லாமல், பஸ் சத்தத்துக்கு மேல் அவனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும்.